பரபக்கம் முதலில்

2004 சுனாமி நடந்து ஒரு வருடம் நிறையுமுன்பே, தமிழ்நாட்டின் பரங்கிப்பேட்டைக் கரையோரத்தில் இருக்கும் 18 குடியிருப்புகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் கதிரேசன், ராஜேந்திரன். பரங்கிப்பேட்டை மரைக்காயர்களின் பழைய துறைமுகம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிற ஊர். சற்றுத் தெற்கே பிச்சாவரத்துக் கண்டல் காடு. கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டது: கரையோரக் கண்டல் காடுகள் சுனாமியின் தாக்கத்தைத் தணித்தன. கரைத் தாவரங்களின் பரப்புக் கூடக்கூட உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைந்தன, கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமும் கூடக்கூடவும் குறைந்தன என்று கட்டுரை காட்டியது. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால், மேட்டு நிலத்தில், கண்டலுக்குப் பின்னால் குடியேறுங்கள் என்றும் பரிந்துரைத்தது.

அடுத்த ஆண்டு அதே ஆய்விதழில் கெர், பெயர்ட், காம்பெல் என்ற மூவர் அதே 18 குடியிருப்புகளின் அதே எண்களை எடுத்து வேறு விதமாகக் கணக்குப் பார்த்தார்கள். கண்டலுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் கடலுக்குத் தூரத்திலும் இருந்தன, கொஞ்சம் உயரத்திலும் இருந்தன. இறப்பில் தெரிந்த வேறுபாட்டின் பெரும் பகுதியைத் தூரமும் உயரமுமே விளக்கிவிடுகின்றன. ஒரே தூரத்திலும் ஒரே உயரத்திலும் உள்ள ஊர்களை ஒப்பிட்டால் மரத்துக்கென்று சொல்ல ஏறத்தாழ எதுவும் மிஞ்சவில்லை என்றார்கள். பிறகு வெர்மாட், தம்பன்யா என்ற இருவர் அதே எண்களோடு வந்து, இல்லை, கண்டல் உதவியிருக்கிறது என்றார்கள். பதினெட்டே ஊர், மூன்று கட்டுரை.

இந்தச் சண்டையைப் புள்ளிவிவரச் சண்டையாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது முன்னுரைச் சண்டையாகத் தெரிகிறது. தூரமும் உயரமும் முதல் கட்டுரையில் இல்லாமல் இல்லை. அளந்திருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை அங்கே கண்டலின் தோழர்களாக நிற்கின்றன, போட்டியாளர்களாக நிற்கவில்லை. கண்டலின் முக்கியத்துவத்தை மீண்டும் வலியுறுத்துவதாகக் கட்டுரையின் சுருக்கமே சொல்கிறது. வலியுறுத்தப் புறப்பட்டவருக்கு எதிராளி கண்ணில் படுவதில்லை. அதே 2005இல் டாடூ-கெபாவும் அவருடைய சகாக்களும் இலங்கையின் கண்டல் களப்புகளைப் பார்த்து எழுதிய கட்டுரையின் தலைப்பு ஒரு கேள்வி: அண்மைச் சுனாமிக்கு எதிரான அரணாகக் கண்டல் எவ்வளவு பயன்பட்டது? கேள்வியாகத் தலைப்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘எவ்வளவு’ என்று கேட்டவர் ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலுக்கும் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார். இவர்கள் ஆக்கிரமிக்கப்பட்டு உள்ளுக்குள் சீரழிந்த கண்டலையும் நல்ல கண்டலையும் பிரித்துப் பார்த்தார்கள். வெளியில் பச்சையாகத் தெரிவதெல்லாம் அரண் ஆகாது என்பது அந்தப் பிரிப்பினால்தான் தெரியவந்தது.

அம்பாறைக் கரையில் இது பேராசிரியர்களின் வாக்குவாதமாக மட்டும் இருக்கவில்லை. இலங்கையில் மாவட்டக் கணக்கில் அதிகம் பேரைப் பறிகொடுத்தது அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். 2005இல் அரசு ஓர் எல்லையை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது; வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள். மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் அந்த 200 மீற்றருக்குள் எத்தனை வளவு, எத்தனை தலைமுறை என்பதை அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்க வேண்டும். பின்பக்கம் வயல்; பக்கத்தில் அடுத்த ஊர். போக இடமில்லாத சனத்திடம் தூரப் போ என்றார்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. பிறகு அந்த எல்லை தளர்த்தப்பட்டது. உயிரைக் காத்தது மரமா, தூரமா, மேடா என்பதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து ஒரு குடும்பம் தன் வளவில் இருக்கலாமா, எழும்ப வேண்டுமா என்பது தீர்மானமாகிற நிலை. கேள்வியை யார் எப்படி வைக்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. ஆய்வுக் கட்டுரையில் கேள்வியை வைக்கும் இடம் முன்னுரை.

நம் பக்கத்து முன்னுரைகளுக்கு வருகிறேன். திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் நடுவே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாகக் கிடக்கிறது கோமாரி. அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி, பட்டப்படிப்பின் கடைசி வருட ஆய்வேட்டை வாசித்துப் பார்க்கத் தந்தாள். கோமாரியின் கிணற்று நீர் உவர்ப்பாவது பற்றிய ஆய்வு. முதல் அத்தியாயம் பூமியில் நீர் எத்தனை வீதம் என்பதில் ஆரம்பித்தது. பிறகு அதில் நன்னீர் எத்தனை வீதம். பிறகு நீரின்றி உலகம் இயங்காது. பிறகு தென்னாசியாவின் நீர்த் தட்டுப்பாடு, இலங்கையின் 103 ஆறுகள், கிழக்கு மாகாணம், அம்பாறை மாவட்டம், பொத்துவில் பிரதேச செயலகம். கோமாரி வந்து சேரும்போது எனக்குத் தாகம் எடுத்துவிட்டது. பரிசளிப்பு விழாவில் அதிபர், பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று வரிசையாக வரவேற்று முடித்து, பரிசு வாங்க வந்த பிள்ளை வெயிலில் நிற்பதைக் கடைசியில் கவனிப்பார்களே, அப்படி.

“ஏன் பிள்ளை உலகம் முழுக்கச் சுத்தி வாறாய்?”

“உலக மட்டத்தில தொடங்கி உள்ளூர் மட்டத்துக்கு வரச் சொல்லித்தான் சேர் படிப்பிச்சவங்க. பதினஞ்சு பக்கத்துக்குக் குறையவும் கூடாதாம்.”

அவளில் பிழையில்லை. அகலத்தில் தொடங்கி ஒடுங்கி வா என்ற அறிவுரை நெடுங்காலமாக வகுப்பறைகளில் சொல்லப்படுவது. அதற்குள் ஒரு நியாயமும் உண்டு: வாசிப்பவர் தெரிந்த நிலத்தில் கால் வைத்து ஏற வேண்டும். ஆனால் தெரிந்த நிலம் என்றால் இந்தக் கேள்வியைப் பற்றி இதுவரை தெரிந்த நிலம். கோமாரிக் கிணற்றைப் பற்றி வாசிக்க வருகிறவருக்கு, பூமியின் எழுபது வீதம் நீர் என்ற தகவலால் ஒரு அடிகூட முன்னேற முடியாது. நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது மற்றொன்று விரித்தல் என்று ஒன்றைச் சொல்கிறார். தமிழ்ப் பாடத்தில் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்த பிள்ளைகள்தான் ஆய்வேட்டில் பதினைந்து பக்கம் மற்றொன்று விரிக்கிறார்கள்.

அவளுடைய ஆய்வேட்டில் எனக்குப் பிடித்த இடம் பின்னிணைப்பில் இருந்தது. வினாக்கொத்தோடு வீடுவீடாகப் போனபோது வயதான பெண் ஒருவர் சொன்னதை அப்படியே குறித்திருந்தாள்: “சுனாமிக்குப் பிறகு ரெண்டு மூணு மாரி பெய்ய தண்ணி தெளிஞ்சித்து மகள். மோட்டர் பூட்டின பிறகுதான் திரும்பச் சவராப் போயித்து.”

முழு ஆய்வும் அந்த இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கிறது. முதல் அத்தியாயமோ சுனாமியினால் கிணறுகள் உவர்ப்பாகின என்று முடிந்த முடிவாகத் தொடங்குகிறது. சுனாமியைப் பற்றித் தெரிந்தது நிறைய. கடல் நீர் கிணறுகளுக்குள் இறங்கியது. உதவி நிறுவனங்கள் பம்ப் கொண்டுவந்து இறைத்துத் துப்புரவு செய்தன. கிழக்குக் கரைக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் இறைப்பதால் பலன் அதிகமில்லை, கீழேயிருக்கும் உப்பை மேலே இழுக்கும் ஆபத்தும் உண்டு, பெரும்பாலான வேலையை மாரி மழைதான் செய்கிறது என்றார்கள். காரணம் மணல் நிலத்தின் அமைப்பு. கரையோர மணலுக்குள் மழைநீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கணக்குப்படி கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம். அதே கணக்கு மறுபுறமும் வெட்டும்: மேலே ஒரு முழம் குறைந்தால் அடியிலிருந்து உப்பு நாற்பது முழம் ஏறப் பார்க்கும். வாளியால் அள்ளுகிறவரை அந்த மிதப்பு தாங்கும். மோட்டருக்கு அது தாங்குமா?

ஆக இரண்டு பதில்கள் போட்டியிடுகின்றன. கிணற்றில் இன்றைக்கு இருக்கிற உப்பு 2004இல் வந்தது. அல்லது மோட்டர் இழுத்தது. மூன்றாவதாகக் களப்பையும் சந்தேகிக்கலாம். அதன் முகத்துவாரம் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதோடு உப்பு ஏறி இறங்குகிறதா என்று. முதல் பதில் சரியென்றால் செய்ய வேண்டியது பொறுத்திருத்தல். இரண்டாவது சரியென்றால் பக்கத்து வீட்டாரோடு பேசவேண்டி வரும், அது கடினம். இவை மூன்றையும் பெயர் சொல்லி நிறுத்தி, எந்த அளவை எப்படி வந்தால் எது தோற்கும் என்று சொன்னால் முன்னுரை முடிந்தது. மாரிக்கு முன்பும் பின்பும் அளந்து, மோட்டர் உள்ள கிணறும் வாளிக் கிணறும் ஒரே மாதிரி உவர்ப்பாக இருந்தால் கிழவியின் பேச்சு தோற்றது. மோட்டர்க் கிணறுகள் மட்டும் உவர்த்தால் சுனாமி தோற்றது. இதற்குப் பதினைந்து பக்கம் தேவையில்லை. ஒன்றரைப் பக்கம் போதும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆய்வின் முன்னுரை தன் எதிராளியை வாசலிலேயே பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பின்னணி சொல்லலாம், முக்கியத்துவம் சொல்லலாம், நோக்கங்களை இலக்கமிட்டு வரிசைப்படுத்தலாம். எதிராளி வராவிட்டால் அதெல்லாம் விளம்பரம்.

ஆங்கிலத்தில் இதைப் பற்றி அதிகம் எழுதியவர் ஜான் ஸ்வேல்ஸ். வேற்று மொழி மாணவர்களுக்கு ஆங்கில ஆய்வெழுத்தைச் சொல்லிக்கொடுத்த மொழியியலாளர். 1981இல் 48 கட்டுரைகளின் முன்னுரைகளை மட்டும் வெட்டியெடுத்து, அவற்றில் என்ன நடக்கிறது என்று வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தார். 1990இல் அதைச் செப்பனிட்டு மூன்று நகர்வுகளாகச் சொன்னார். களத்தைக் காட்டு; களத்தில் ஒரு காலியிடத்தைக் காட்டு; அதில் நீ உட்கார். உலகம் முழுக்க ஆய்வெழுத்துப் பயிற்சிகள் இன்றும் இதை வைத்துத்தான் நடக்கின்றன. காலியிடத்தைக் காட்டுவதற்கு அவர் நான்கு வழி சொன்னார்: முன்னவர் சொன்னதை மறுப்பது, இடைவெளி ஒன்றைச் சுட்டுவது, கேள்வி எழுப்புவது, ஒரு மரபைத் தொடர்வது. நம் ஆய்வேடுகளில் இந்த நான்கில் ஒன்றுதான் புழக்கத்தில் இருக்கிறது: இடைவெளி. அதிலும் ஒரே வகை இடைவெளி. இத்தலைப்பில் காலி மாவட்டத்தில் ஆய்வு நடந்திருக்கிறது, மட்டக்களப்பில் நடந்திருக்கிறது, கோமாரியில் நடக்கவில்லை. ஆகவே இந்த ஆய்வு.

இது இடைவெளியே இல்லை. கோமாரியில் நடக்காத ஆய்வுகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஓர் ஊர் ஆய்வின் காரணமாவது, அந்த ஊரில் இருக்கிற ஏதோ ஒன்று பழைய முடிவைச் சோதிக்கும்போதுதான். ஹரிந்திர பெர்னாண்டோவும் சகாக்களும் 2005இல் தென்மேற்குக் கரையின் பெரேலிய பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் சட்டவிரோதமாகப் பவளப் பாறை வெட்டியெடுத்திருந்தார்கள். பாறை அழிந்த இடத்தில் கடல் அதிகம் உள்ளே வந்ததாகவும் பாறை மிஞ்சிய இடத்தில் குறைவாக வந்ததாகவும் அவர்கள் காட்டினார்கள். யாலையில், கடலைப் பார்க்க வசதியாக மணல் மேட்டை அகற்றிய விடுதி அழிந்துபோனதைச் சுனாமி நடந்த உடனே வந்த சர்வதேச ஆய்வுக் குழு பதிவு செய்தது. இவ்விடங்களில் ஊரின் பெயருக்கு வேலை இருக்கிறது. பாறை இருந்தது, எடுத்தார்கள். மேடு இருந்தது, வெட்டினார்கள். ஒப்பிட ஆள் கிடைத்தது. கோமாரியையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்: மணல் மெலிந்த, ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு என்று உப்பு இரு புறமும் நிற்கிற ஊர், மழையையே நம்பியிருக்கிற கிணறுகள், மோட்டர் உள்ளவரும் இல்லாதவரும் பக்கத்துப் பக்கத்து வளவில். அப்போது கோமாரி பெயருக்காக வந்த ஊராக இராது.

தமிழில் இதற்கெல்லாம் முன்னோடி இல்லை என்று நினைக்கத் தேவையில்லை. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாயிரத்துக்கு இலக்கணம் சொன்னபோது, சிறப்புப் பாயிரத்தில் வர வேண்டியவை என்று எட்டைச் சொன்னார். எழுதியவர் யார், எந்த வழியில் வந்த நூல், எந்த எல்லைக்குள் வழங்குவது, பெயர் என்ன, எதன் பின் எதைப் படிக்க வேண்டும், பேசும் பொருள் எது, யார் கேட்கத் தகுந்தவர், கேட்டால் என்ன பயன். காலமும் களமும் காரணமும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. இன்றைய ஆய்விதழ் ஆசிரியர் கேட்பதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் சொன்ன பாயிரத்தில் எல்லை முதலிலேயே வந்துவிடுகிறது. முந்தைய நூல்களைக் கண்டு எழுதியது வருகிறது. அதங்கோட்டு ஆசான் முன்னால் அரங்கேறியதும் வருகிறது. ஆய்வுப் பிரதேசம், இலக்கிய மீளாய்வு, மதிப்பீட்டாளர் எல்லாம் சில வரிகளுக்குள்.

ஒரே ஒரு வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாயிரத்தை நூலாசிரியர் தானே பாடக் கூடாது. ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரை செய்தவரோ பாட வேண்டும். தன்னைப் புகழ்வது தகாது என்பது காரணம். இன்றைய முன்னுரையை எழுதுகிறவரே எழுத வேண்டியிருக்கிறது. தன் ஆய்வு ஏன் தேவை என்று தானே சொல்ல வேண்டியிருக்கிறது. தற்புகழ்ச்சிக்கு இவ்வளவு வசதியான இடம் வேறில்லை. ‘மிக முக்கியமான’, ‘இன்றியமையாத’, ‘முதன்முறையாக’ என்ற சொற்கள் நம் முன்னுரைகளில் மேய்வதைப் பார்த்தால் பவணந்தியின் பயம் நியாயமானதுதான்.

எதிராளியை எங்கே வைப்பது என்பதற்கும் இந்த மண் அறிந்த இரண்டு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இரண்டாகப் பிரித்தார். முதல் பகுதி பரபக்கம். மற்ற மதத்தார் சொல்வதை எடுத்துச் சொல்லி மறுப்பது. இரண்டாவதுதான் சுபக்கம். தன் கட்சியைச் சொல்லுமுன் எதிர்க்கட்சிக்கு முழுத் தொகுதியே கொடுத்தார். நமது மத்ரஸாக்களில் அறிந்த இன்னொரு பெயர் இமாம் கஸ்ஸாலி. தத்துவவாதிகளை மறுத்து ‘தஹாஃபுத்’ எழுதுவதற்கு முன், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் விளக்கி ‘மகாஸித்’ எழுதினார். அவ்வளவு நேர்மையாக எழுதினாராம், அது லத்தீனில் போனபோது ஐரோப்பியர் அவரையும் தத்துவவாதி என்றே எண்ணிவிட்டார்கள். எதிராளியின் வாதத்தை அவனே ஒப்புக்கொள்ளும்படி சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அதை மறுக்கும் உரிமை. பரங்கிப்பேட்டைக் கட்டுரையின் முன்வாசலில் தூரத்துக்கு ஒரு பரபக்கம் இருந்திருந்தால், கெர் முதலான மூவரும் வேறு வேலை பார்த்திருப்பார்கள்.

அறிவியலில் இதைக் கச்சிதமாகச் செய்த ஓர் எழுத்தைச் சொல்ல வேண்டும் என்றால் நான் 1928 மார்ச் 31 ‘நேச்சர்’ இதழில் வந்த ராமன், கிருஷ்ணன் கடிதத்தைச் சொல்வேன். திருச்சிக்காரரும் வத்திராயிருப்புக்காரரும் கல்கத்தாவில் எழுதியது. கடிதத்தின் தேதி பெப்ரவரி 16. முன்னுரை என்று தனித் தலைப்பு கிடையாது, இரண்டு வாக்கியம்தான். எக்ஸ் கதிரில் கொம்ப்டன் கண்ட இரண்டு வகைச் சிதறலை இப்படி விளங்கிக்கொள்கிறோம் என்று வைத்துக்கொண்டால், சாதாரண ஒளியிலும் இரண்டு வகைச் சிதறல் இருந்தாக வேண்டும். ஆகவே அப்படி இருக்கிறதா என்று சோதிப்பது அவசியமாகிறது. அவ்வளவுதான். இருக்காவிட்டால் முதல் வாக்கியமே விழுந்துவிடும். அதைத் தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். எதிராளியும் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறார். அவர் பெயர் ஒளிர்வு. ஐந்து வருடங்களுக்கு முன் அதே ஆய்வுக்கூடத்தில் கே. ஆர். ராமநாதன் கண்ட மங்கலான ஒளியை, திரவத்தில் கலந்த அழுக்கின் பலவீனமான ஒளிர்வு என்றுதான் எண்ணியிருந்தார்கள். இது ஒளிர்வு இல்லை, உண்மையான சிதறல்தான் என்பதற்கு இரண்டு காரணங்களைக் கடிதம் சொல்கிறது: அது மிக மங்கலாக இருப்பது, அது முனைவாக்கம் பெற்றிருப்பது.

கடிதம் சொல்லாமல் விட்டதையும் கவனிக்க வேண்டும். 1921இல் கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து வியந்தது இல்லை. ராமநாதனின் 1923 இல்லை. ஏழு வருடத் தடுமாற்றம் இல்லை. கொம்ப்டனிலிருந்து நேராக நடந்து வந்ததுபோல் இருக்கிறது. பீட்டர் மெடவார் 1963இல் பிபிசி வானொலியில் பேசியபோது, அறிவியல் கட்டுரை என்ற வடிவமே ஒரு மோசடியா என்று கேட்டார். சிந்தனை நடந்த விதத்தைக் கட்டுரை மறைக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. நோபல் வாங்கியவர், தன் தொழிலைத் தானே குடைந்தார். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. எப்படி அங்கே வந்தேன் என்பது நினைவுக் குறிப்புக்கு உரியது. முன்னுரைக்கு உரியது, நீ இப்போது எந்தக் கேள்வி முன்னால் நிற்கிறாய், அது எந்தப் பக்கம் சாயக்கூடும் என்பது. நீலக் கடலை விட்டதில் மோசடி இல்லை. ஒளிர்வை விட்டிருந்தால் மோசடி.

முன்னுரை, முறை, முடிவு, விவாதம் என்ற இந்த அச்சு அப்படியொன்றும் பழையதும் இல்லை. நான்கு பெரிய மருத்துவ இதழ்களை 1935 முதல் 1985 வரை புரட்டிய ஓர் ஆய்வு, 1940களில்தான் இது தலைகாட்டியது, 1980களில் வேறு வடிவமே இல்லாமல் போனது என்று காட்டுகிறது. நம் பிள்ளைகள் வேதம்போல் பயப்படுகிற அத்தியாயப் பிரிப்புக்கு அவர்களுடைய மூத்தம்மாவின் வயதுதான்.

இனி ஒலுவில். இன்றைக்கு அம்பாறைக் கரையில் எழுதப்படாமல் காத்திருக்கிற முன்னுரை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். டென்மார்க் கடனுதவியில் கட்டப்பட்டு 2013இல் திறந்த துறைமுகம். அதன் அலைதடுப்புச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை அரித்தது. தென்னைகள் வேரோடு சரிந்தன. துறைமுகத்தின் வாயும் மணலால் அடைபட்டது. வாயைத் தோண்டுங்கள் என்று படகுக்காரர் கேட்டார்கள். முதலில் எங்கள் கரைக்கு வழி சொல்லுங்கள் என்று ஊர்க்காரர் மறித்தார்கள். இரு தரப்பும் கல்முனைக் கரையோரத்துச் சனங்கள்தான், பெரும்பாலும் ஒரே பள்ளிவாசல் சம்மேளனங்களின் முன்னால் உட்கார்ந்து பேசியவர்கள்தான்.

இதைப் பற்றிய ஆய்வேட்டை நம் மாணவர் எழுதினால் எப்படித் தொடங்குவார் என்று எனக்குத் தெரியும்: கரையோர அரிப்பு உலகளாவிய ஒரு பிரச்சினையாகும். பிறகு காலநிலை மாற்றம், மாலைதீவு. பொறியியலாளர் ஒருவருக்கு இதைவிட வசதியான தொடக்கம் கிடையாது. உலகம் முழுக்க அரிக்கிறது என்றால் ஒலுவில் சுவரை யார் கேட்கப் போகிறார்கள்? எதிர்ப்பக்கம் நின்று எழுதுகிறவர் துறைமுகம்தான் காரணம் என்று முதல் வரியிலேயே தீர்ப்பெழுதிவிடுவார். ஊர்வலத்துக்கு அது போதும். ஆய்வுக்குப் போதாது, ஏனென்றால் மறுதரப்பு வழக்கறிஞர் எழுந்து கல் ஓயாவைப் பற்றிக் கேட்டால் பதில் இருக்காது. 1949இல் தொடங்கிய கல் ஓயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் அணை எழுந்ததிலிருந்து, ஆறு கடலுக்குக் கொண்டுவந்த மணலில் எவ்வளவு அணைக்குப் பின்னால் தங்கிவிட்டது? அது பல தசாப்தக் கதை. ஆற்றில் அள்ளிய மணல் இன்னொரு கதை.

என்னிடம் கேட்டால் இப்படித் தொடங்கச் சொல்வேன். கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காகவே நகர்த்துகின்றன. ஒலுவிலில் 2013இல் திறந்த துறைமுகத்தின் தெற்கே கரை வளர்ந்திருக்கிறது, வடக்கே தேய்ந்திருக்கிறது. மணலைச் சுவர் தடுத்தது என்பதற்கு இது பொருந்தும். ஆனால் ஆற்றிலிருந்து வரும் மணல் நெடுங்காலமாகக் குறைந்து வந்தது என்பதற்கும் வடபக்கத் தேய்வு மட்டும் பொருந்தும். முதலாவது சரியென்றால் தெற்கே சேர்ந்த மணலும் வாயில் அடைத்த மணலும் சேர்ந்து வடக்கே போன மணலுக்கு ஏறக்குறைய ஈடாக வேண்டும். தேய்வும் சுவர் எழும்பிய பிறகே தொடங்கியிருக்க வேண்டும். இரண்டாவது சரியென்றால் துறைமுகத்துக்கு முன் எடுத்த வான்படங்களிலேயே கரை பின்வாங்கியிருப்பது தெரிய வேண்டும். இந்த ஆய்வு அந்த இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்கிறது.

எட்டு வாக்கியம். நிந்தவூரில் தென்னந்தோட்டம் இழந்தவரும் இதை வாசித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம், துறைமுகத்தைக் கட்டியவரும் வரலாம். இருவருக்கும் எதில் கைவைத்தால் தங்கள் கட்சி நிற்கும் என்று தெரியும். அடுத்த அத்தியாயத்தில் வான்படங்களை எந்த ஆண்டிலிருந்து எடுப்பது, மணலை எத்தனை இடத்தில் அளப்பது என்று தொடங்கலாம். பூமியின் எழுபது வீதம் நீர் என்பதை யாராவது கட்டாயம் கேட்டால், பின்னிணைப்பில் போடலாம். கிழவி சொன்னது இருந்த இடம் இப்போது காலியாகத்தானே இருக்கிறது.